பொய் சொன்ன சென்சார்

ஏறக்குறைய ஒரு மாதம் என் வீட்டில் நான் திருடனாக இருந்தேன். திருடித் தின்றதாகச் சொல்லப்பட்டது இனிப்பு. எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருடங்கள் ஆகின்றன. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். அதுவரை சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கிக் கிடந்த சர்க்கரை, திடீரென்று மளமளவென ஏறத் தொடங்கியது. சாப்பாட்டில் மாற்றமில்லை, ஊசியும் தவறவில்லை. பிறகு ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு என் மனைவியிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"எங்கயோ போயி எதையோ தின்னிட்டு வாறிய," என்றாள்.

கல்யாண வீடுகளில் போளியையும் பாயசத்தையும் இலையிலேயே விட்டுவிட்டு, பக்கத்து இலைக்காரரின் பரிதாபப் பார்வையையும் வாங்கிக்கொண்டு எழுந்து வருகிறவன் நான். என்னைப் பார்த்து இப்படிச் சொன்னால் கோபம் வருமா வராதா? வந்தது. முதல் வாரம் கத்தினேன். இரண்டாவது வாரம் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு நான் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பினால் அவள் என் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கத் தொடங்கினாள். ஒருநாள் என் வாய்க்குப் பக்கத்தில் வந்து மூச்சை முகர்ந்தாள். குடிகாரனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைத்தது, அதுவும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா தேங்காய்ப்பட்டணத்தில் மீனை ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரி. அவருக்கும் இதே வியாதிதான். கால் பெருவிரலில் ஒரு சின்னப் புண்ணாகத் தொடங்கியது, முட்டுக்குக் கீழே காலையே வெட்டி எடுப்பதில் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் நிறைய நாள் இருக்கவில்லை. எனவே என் சர்க்கரை ஏறும் ஒவ்வொரு தடவையும் அவள் பார்ப்பது என் காலைத்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தாலும், செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிய என்னால் முடியவில்லை.

டாக்டரம்மாவும் என்னை நம்பவில்லை. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இன்சுலின் அளவை நன்றாகவே கூட்டி, மறுநாள் காலையிலிருந்து போடச் சொன்னார். அதிலும் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியிருக்கும் என்றார். 

வீட்டுக்கு வந்ததும் அவள் பாலெடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் பாக்கெட் கல்லாக இருந்தது. கொஞ்ச நாளாகவே இதுதான் கதை. கீரையை எடுத்தால் கண்ணாடி மாதிரி ஒடியும். வெள்ளரிக்காயை நறுக்கினால் கத்தி வழுக்கும். வேறு யாராக இருந்தாலும் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள். என் மனைவிக்கோ அதில் பெருமை. ஐஸ் குறைந்தால் சரக்கு போச்சு என்ற வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குக் குளிர் என்பது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. "நம்ம ஃபிரிட்ஜுக்க கூலிங் ஒருத்தி வீட்டுலயும் கெடையாது," என்று தங்கச்சியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

ஆனால் அன்று எனக்கு வீட்டில் யாரிடமாவது சண்டை போட வேண்டியிருந்தது. அவளிடம் போட முடியாது, எனவே ஃபிரிட்ஜிடம் போட்டேன். மஸ்கட்டில் கட்டடங்களுக்கு வயரிங் செய்து பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஃபிரிட்ஜ் என் தொழில் இல்லை, ஆனால் மீட்டர் பிடிக்கத் தெரியும். முதலில் காதைக் கொடுத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல ஃபிரிட்ஜ் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். இது மூச்சே வாங்கவில்லை. குளிரைக் குறைக்கும் பொத்தானை ஆகக் குறைவில் வைத்து, மதியச் சாப்பாடு முடியும் வரை பொறுத்தேன். அப்போதும் ஓடியது. ரப்பரைப் பார்த்தேன், கதவு நன்றாகத்தான் பிடித்தது. உள்ளே குளிர் போதும் என்று மோட்டாருக்குச் சொல்ல வேண்டிய ஆள் சொல்லவில்லை என்று புரிந்தது.

அந்த ஆள்தான் சென்சார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்சுவரில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். இரண்டு வயர்களின் நுனியில் பயறு மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. சோதிக்கிற வழி எளிது. குளிர்ந்தால் அதன் மின்தடை ஏற வேண்டும், சூடானால் இறங்க வேண்டும். ஒரு டம்ளரில் ஐஸும் தண்ணீரும் எடுத்து, சென்சாரைக் கழற்றி அதில் முக்கி, மீட்டரை வைத்தேன். ஏற வேண்டிய இடத்தில் ஒரு சின்ன எண் காட்டியது. எடுத்துத் துடைத்து உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தேன். அதே எண். மறுபடியும் ஐஸ், மறுபடியும் கை. அது அசையவே இல்லை.

நான் சமையலறை மேசையில் இதைச் செய்துகொண்டிருக்க, என் மனைவி மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னதுக்கு அத போட்டு நோண்டுறிய? நல்லாத்தானே ஓடுது."

"நல்லா ஓடல்ல. இந்தச் சவம் எப்பவும் சூடு சூடுன்னே சொல்லிட்டு இருக்கு. பெட்டிக்குள்ள எல்லாம் ஐஸாப் போயாச்சு, அப்பவும் சூடுன்னுதான் சொல்லுது. அத நம்பி மோட்டார் கெடந்து ஓடுது. இந்த வீட்டுல பொய் சொன்னது நான் இல்ல, இதாக்கும்."

கடைசி வரியைக் குத்திக் காட்டத்தான் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால், கத்தியைக் கையில் பிடித்தபடி அவள் ஃபிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மருந்து?" என்றாள்.

எனக்கு அந்த நிமிடம் வரை அது தோன்றவே இல்லை. மாதத்துக்கு வேண்டிய இன்சுலினை மொத்தமாக வாங்கி வைப்பது வழக்கம். ஊசி போடுகிற பாட்டில் கதவில் இருக்கும். மற்றவை எங்கே இருக்கும் என்று நான் கேட்டதில்லை, அது அவள் பொறுப்பு. கெட்டுப்போகக் கூடாத பொருளை அவள் எங்கே வைப்பாளோ அங்கேதான் வைத்திருந்தாள். ஆகக் குளிரான இடத்தில், பின்சுவரை ஒட்டி, மீன் டப்பாவுக்கும் பின்னால்.

ஓடிப்போய் எடுத்து வந்தாள். அட்டைப்பெட்டி நனைந்து ஊறியிருந்தது. அதற்குள் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே மருந்து அசையவில்லை. கவிழ்த்தேன், அப்போதும் அசையவில்லை. புது பாட்டில் வேண்டும்போதெல்லாம் அவள் இதில் ஒன்றை எடுத்துக் கதவில் வைத்திருக்கிறாள். கதவில் அது இளகித் தண்ணீராகியிருக்கிறது. அதைத்தான் நான் வயிற்றில் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "எல்லாத்தையும் தூரப் போடுங்க," என்றார். "ஒறஞ்சுபோன இன்சுலின் வேல செய்யாது. புதுசு வாங்கி பழைய அளவே போடுங்க. நான் கூட்டினது வேண்டாம், கேட்டியளா? நல்ல மருந்துல அந்த அளவப் போட்டா சுகர் ஒரேயடியா எறங்கிரும்." அவள் மருந்தைப் பற்றிக் கேட்காமல் இருந்து, உறைந்த பாட்டில்கள் தீர்ந்ததும் அடுத்து வாங்கும் பாட்டிலைப் புது சென்சார் போட்ட ஃபிரிட்ஜில் வைத்து, கூட்டிய அளவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். கர்த்தர் காப்பாற்றினார் என்று சொன்னேன். வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் சென்சார் கிடைத்தது. அதை மாட்டிய பிறகு ஃபிரிட்ஜ் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அது முதல் தடவை நின்றபோது எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது. புது மருந்து போடத் தொடங்கிய சில நாட்களிலேயே சர்க்கரையும் இறங்கியது. விரலில் குத்தி, சர்க்கரை பார்க்கிற மீட்டரில் எண் வந்ததும், என் மனைவி அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அப்போ நீங்க ஒண்ணும் தின்னல்ல."

"தின்னல்ல."

"நான் என்னவெல்லாம் சொன்னேன். மருந்தக் கொண்டு அங்க வச்சதும் நான்தானே." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

இந்த நாளுக்காக ஒரு மாதமாக ஒரு பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். சட்டைப் பை, வாய் மோப்பம் எல்லாம் அதில் உண்டு. ஒரு வரி கூட வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழாத ஏட்டி. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துட்டு. ராத்திரி ஒறக்கத்துல எழும்பிப் போயி நானே அறியாம தின்னுறேனோன்னு நெனச்சேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க எழும்பல்ல," என்றாள். "எழும்பினா எனக்குத் தெரியாதா? நான் எங்க ஒறங்கினேன்? உங்களுக்க காலுல சூடு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுல்லா கெடந்தேன்."

அன்று மதியம் சாப்பிட்டதும் படுத்தாள். சாயங்காலம் வாசலில் மீன்காரி வந்து கூப்பிட்டும் எழும்பவில்லை. நான் போய், சத்தம் போடாதே என்று சைகை காட்டி, சாளை மீன் வாங்கி வைத்தேன்.