பூக் கேட்டு மாற்றிய ஆள்

எங்கள் கம்பெனி பாஸ்கெட்பால் டீம் ஏன் உருப்படவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவினாசி ரோட்டில் பனியன் கம்பெனி, அதன் பின்னால் ஒரு சிமெண்ட் கோர்ட். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் நாங்கள். காலையில் பயிற்சி, பகலில் செக்கிங், பேக்கிங் என்று பேருக்கு ஒரு வேலை. ஊர் ஊராகப் போய்த் தோற்றுவிட்டு வருவோம்.

வாய்த்த கோச்சுகளும் அப்படி. முதலில் வந்தவர் வாலிபால்காரர். பந்தைத் தொடவிடாமல் கோர்ட்டைச் சுற்றி ஓடவிட்டே வருஷத்தைக் கழித்தார். அடுத்தது முதலாளியின் மச்சான். சாயப் பட்டறையை மூடிவிட்டுச் சும்மா இருந்த மனுஷன், போனில் வெளிநாட்டு மேட்ச் பார்த்துவிட்டு வந்து எங்களைத் திட்டுவார். அவருக்குப் பிறகு சென்னையிலிருந்து ஒருவர். தூரத்திலிருந்தே எறியுங்கள் என்றார், எறிந்தோம், வளையம் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. போகும்போது மூன்று பேரும் கோர்ட் சரியில்லை என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தூக்கத்தைக் கெடுப்பது மச்சான் காலத்தில் செய்த ஒரு ஆள் மாற்றல்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர் எங்கள் டீமில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவியும் எங்கள் கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமை அண்ணா சர்ச்சுக்குப் போய்விட்டு நேராகக் கோர்ட்டுக்கு வருவார். பந்தை நடத்திக்கொண்டு போவது என் வேலை, இடது மூலையில் நின்று போடுவது அவர் வேலை. நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். பந்தை அந்தப் பக்கம் விட்டால் போதும், அங்கே அவர் கை இருக்கும்.

குண்டடம் பக்கத்து நூல் மில் டீமில் உயரமான ஆள் ஒருவர் இருந்தார். நமக்கு உயரம்தான் குறை, அண்ணாவைக் கொடுத்து அவரை வாங்கிக்கொள்ளலாம் என்று மச்சான் முதலாளியின் காதைக் கடித்தார். முதலாளி தறிக்காரக் குடும்பம். நிலம் வாங்கினாலும் பெண் கொடுத்தாலும் முருகனிடம் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம்.

எங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பூசாரி எடுத்ததில் சிவப்பு வந்தது. மனசுல சரியா நெனைக்கலீங்க, இன்னொருக்கா பாக்கலாமுங்க என்றார் மச்சான். மறுபடியும் சிவப்பு. அதற்கடுத்து வெள்ளை வந்தது. உடனே தேங்காயை உடைத்தார்கள். மாற்றப்படப் போகிறவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனார், உயரமானவர் வந்தார். வந்தவருக்கு முழங்காலில் ஜவ்வு போயிருந்தது, படி ஏறவே சுவரைப் பிடிப்பார். மில்காரர்கள் விவரமானவர்கள். ஆனால் அவர்களும் அடுத்த வருஷம் டீமைக் கலைத்துவிட, எங்கள் ஆள் வேலையில்லாமல் தாராபுரம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகும் என் கை கேட்கவில்லை. ஆட்டம் சூடுபிடித்தால் பந்தை இடது மூலைக்கு விட்டுவிடுவேன். அது யாருமில்லாத இடத்தைத் தாண்டி வெளியே உருண்டு போகும். ஆனால் விடுகிற அந்த நொடியில் அங்கே ஆள் நிற்பது எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். பயமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளியையும் அந்த மாற்றல் விடவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. போன வருஷம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“முருகன் வேண்டாம்னாரு கண்ணு, நாந்தான் கேக்கல. அந்தத் தம்பியவே கோச்சாக் கூட்டியாந்தரலாம். அவரு வந்தா டீமு இருக்கும். இல்லீன்னா இந்த வருசத்தோட மூடிப்போடறேன். பூக் கேட்டுட்டேன், மொதல்லயே வெள்ள வந்துருச்சு.”

டீம் போனால் நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவன், அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸிலேயே தாராபுரம் கிளம்பினேன்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். டீ வாங்கிக்கொடுத்தார். கோபமே இல்லை, அதுவே எனக்குத் தாங்கவில்லை. வந்த விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னேன்.

“மொதலாளி பூக் கேட்டுட்டாருங்கண்ணா. மொதத் தடவையே வெள்ளைங்க. நீங்க வந்தே ஆகோணும்.”

டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்பமும் பூவக் கேட்டிய, இப்பமும் பூவத்தான் கேட்டிருக்கிய” என்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்குப் போவமாட்டேன்னு சொல்லியிருப்பேன். இன்னைக்குக் கேட்டிருந்தா வாரேன்னு சொல்லியிருப்பேன்.”

“இப்பக் கேக்கறனுங்கண்ணா. வர்றீங்களா?”

“இப்ப நான் சொல்லிக் குடுத்த பொறவுல்லா கேக்கே” என்று சிரித்தார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று எழுந்து போனார்.

முதலாளியிடம் வர முடியாதாம் என்று மட்டும் சொன்னேன். அந்த மாதமே டீமைக் கலைத்தார். அதற்கு அவர் பூக்கூடக் கேட்கவில்லை.