பால்வாடி டீச்சர்களுக்கு நான் எடுத்த வகுப்புகள்

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை என்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பாடம் எடுப்பது இன்னொரு வேலை. முன்னதில் யாராவது தூங்கினால் நிம்மதி, பின்னதில் யாராவது தூங்கினால் மானம் போய்விடும். நான் அங்கன்வாடி மேற்பார்வையாளர். கம்பம் பள்ளத்தாக்கில் என் பொறுப்பில் உள்ள மையங்களின் பணியாளர்களை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஊரில் யாரும் அவர்களைப் பணியாளர் என்று சொல்வதில்லை, பால்வாடி டீச்சர்தான். நம்மைவிட அனுபவம் கூடியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும் என் பாடு புரியும்.

கேள்வி நேரம்

முதல் பயிற்சி ஒரு சனிக்கிழமை. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நசுங்கி, பாதிப் பேர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. புரொஜெக்டரைப் போட்டு, மூளை வளர்ச்சி, மொழி வளர்ச்சி என்று இரண்டு மணி நேரம் பேசித் தள்ளினேன். சின்னப் பிள்ளைகளை இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரவைக்கக் கூடாது என்பதையும் விளக்கமாகச் சொன்னேன்.

முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒவ்வொருவராகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் செல்வமணி எழுந்தார். இருபது வருடத்துக்கு மேல் பால்வாடி நடத்துகிறவர். ஒரு கேள்வியாவது வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். அவர் கேட்டார்: "மேடம், அந்த இருபது நிமிசக் கணக்கு பிள்ளைகளுக்கு மட்டுந்தேனா, எங்களுக்குக் கெடையாதா?"

அழுகிற பிள்ளை

அடுத்த மாதம் புரொஜெக்டரைத் தொடவில்லை. நடித்துப் பார்ப்போம் என்றேன். அம்மா விட்டுவிட்டுப் போனதும் அழுகிற பிள்ளையாக ரசியா. உத்தமபாளையம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். டீச்சராகச் செல்வமணி.

"அழக் கூடாது, அழாத பிள்ளைக்குத்தேன் கடலை மிட்டாய்" என்று செல்வமணி ஆரம்பித்தார். விளையாட்டாகச் சிணுங்கிக்கொண்டிருந்த ரசியா திடீரென்று நிஜமாகவே விம்மினாள். எல்லோரும் பதறிப்போனோம். பத்து மாதக் குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருகிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செல்வமணி மிட்டாய்ப் பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ரசியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதனால் அழுகை அடங்கியது என்று மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அக்கா 'அழாதே'ன்னு சொல்றதை நிறுத்துனாகளே, அப்பத்தேன் மேடம்."

பன்னீர் திராட்சை

முதலுதவிப் பயிற்சிக்கு ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுபோனேன். பிள்ளையின் தொண்டையில் ஏதாவது அடைத்து, இருமக்கூட முடியாமல் போனால், முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்ட வேண்டும். எல்லோரும் பொம்மையைத் தடவிக்கொடுத்தார்கள். நான் விடவில்லை. ஒவ்வொருவரும் சரியாகத் தட்டுகிற வரை யாரையும் பஸ்ஸுக்கு அனுப்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

சில வாரம் கழித்து ரசியாவிடமிருந்து போன். அழுதுகொண்டே சொன்னாள். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, தன் மூன்று வயது மகள் கையில் நாலைந்து பன்னீர் திராட்சையைக் கொடுத்து, மையத்தில் விட்டுப் போயிருக்கிறார். ஒன்று தொண்டையில் அடைத்துக்கொண்டது. பிள்ளையிடம் சத்தமே இல்லை, உதடு நீலமாகிறது. ரசியா குனியவைத்துத் தட்டினாள். மூன்றாவது தட்டில் பழம் முழுசாக வெளியே விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. மறந்துபோன தூக்குச்சட்டிக்காகத் திரும்பிவந்த அம்மாவின் கண்ணில் பட்டது அந்தக் கடைசி அடி மட்டும்தான். எம்பிள்ளையை எப்படி அடிக்கலாம் என்று ஒரே சண்டை. ஆயா முத்துப்பேச்சி கீழே கிடந்த பழத்தை எடுத்துக் காட்டியதும், அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ரசியா எனக்குப் போன் செய்தாள். இந்தப் பக்கம் நானும் அழுதுகொண்டேதான், அந்த அம்மா அப்புறம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "'நல்லா அடிச்சீக தாயி, இன்னும் ரெண்டு சேத்து அடிச்சிருந்தாலும் கேக்க மாட்டேன்'னு சொன்னாக மேடம்."

ஒரு நாள் டீச்சர்

அதன் பிறகு மற்ற வட்டாரத்து டீச்சர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்க ரசியாவையே தேனிக்கு அனுப்பினேன். அன்றைக்கு அவள் மையத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஜம்பமாகச் சொல்லியும்விட்டேன்.

பதினெட்டுப் பிள்ளைகள். குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு யானைக் கதை சொல்ல ஆரம்பித்தேன். காட்டை வர்ணித்து முடிப்பதற்குள் நாலு பேர் தண்ணீர்க் குடத்தில் கைவிட்டு அளைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி என் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து முத்துப்பேச்சி வந்தார். கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தார். பதினெட்டு யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கடைசி யானையாக நானும் சேர்ந்துகொண்டேன். முட்டையும் சோறும் சாப்பிட்டுப் பிள்ளைகள் தூங்கிய பிறகு, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "இதை எங்கன போயி படிக்க? பிள்ளைகளுக்கு அலுத்துப்போச்சுன்னா மூஞ்சியிலேயே தெரியும். நீங்க நோட்டைத்தேன பாத்துக்கிட்டிருந்தீக."

இத்தனை பயிற்சிகளுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் நன்றாகத் தேறியிருப்பது நான்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லோருடைய சான்றிதழிலும் கையெழுத்துப் போடுகிறவள் நானே என்பதால், எனக்குத்தான் இன்னும் ஒருவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.