நாலாவது வசனம்

சந்தையில் பனம்பழம் குவித்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது இப்போதும் என் உள்ளங்கை வியர்க்கிறது. அந்தக் கனத்த, இனித்த வாசம் மற்றவர்களுக்குப் பணியாரம். எனக்கு அது வெள்ளைச் சட்டை. சண்டையால் சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத தொண்ணூறுகளில் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில்தான் சட்டை தோய்ப்போம். சட்டை வெளுக்கும், வாசம் போகாது. கொடியில் காயப்போட்டால் மாடு வந்து சப்பும். மாடு சப்பிய சட்டையோடு முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால்... பொறுங்கள், அங்கே இன்னும் போகவில்லை. போகப் பயம். நாற்பதைத் தாண்டிய பிறகும் பயம்.

நாங்கள் நாயாற்றுப் பக்கம். ஒரு புறம் கடல், ஒரு புறம் உப்புநீர்க் களப்பு. இடம்பெயர்ந்து உடையார்கட்டு என்ற ஊரில் ஒரு கொட்டிலுக்குள் வந்து விழுந்தபோது அப்பாவிடம் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் மரங்களுக்குக் கீழும் பாடம் நடந்தது. பிள்ளைகளில் அரைவாசி எங்களைப் போலக் கரையிலிருந்து வந்த வேதக்காரர், கத்தோலிக்கர். மிச்சம் அந்த ஊர்ச் சைவப் பிள்ளைகள்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை பேச வேண்டும். கடதாசி பார்க்கக் கூடாது. வகுப்பு ரீச்சர் என்னைத் தெரிந்தெடுத்தார். ஞாயிறு பூசையில் நான் வாசகம் வாசிக்கிறவள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் கோயிலில் எனக்கு முன்னால் ஒரு வாசக மேடை இருக்கும், அது முழங்காலை மறைக்கும். கண் புத்தகத்தில் இருக்கும். சொல் ஆண்டவருடையது, பிழைத்தால் அவர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூட முற்றத்திலோ முழங்காலும் என்னுடையது, சொல்லும் என்னுடையது.

முதல் திங்கள் வயிற்றுவலி என்றேன். இரண்டாம் திங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய்க் குளக்கட்டில் குந்தியிருந்தேன். ரீச்சர் ஏசவில்லை. அடுத்த கிழமையும் பேசாவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார், அவ்வளவுதான். அவருக்கு ஒன்று தெரியாது. அம்மா கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சின்னதுகள் மூன்றையும் பார்க்க ஆளில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை அழைத்தால் போதும், இனி நீ வீட்டிலேயே நில் என்று அந்த இடத்திலேயே முடித்துவிடுவார். கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். ஆக, அந்தத் திங்கள் வாய் திறக்காவிட்டால் என் படிப்பு போயிற்று.

வகுப்பு வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது வன்னியில்தான். பேச்சு மட்டும் தாய் தகப்பனுடைய மலைநாட்டுப் பேச்சு. பின்னேரங்களில் அவர்களுடைய வயலில் குருவி கலைப்பது அவள் வேலை, ஒரு தகர டின்னைத் தட்டிக்கொண்டு வரம்பிலே நடப்பாள். டின்னை வைத்துவிடுகிறேன், நீ பேசு, குருவி போகுதா பார்ப்போம் என்று அவள்தான் சொன்னாள். வரம்பில் ஏறி நின்று நெற்கதிர்களுக்குச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசினேன். ரீச்சர் தந்த தலைப்பு அது. சவர்க்காரம் இல்லாத ஊரில் சுகாதாரம். முதல் வசனத்துக்கே குருவிகள் எழும்பிப் பறந்துவிட்டன.

“ஒன் பேச்சக் கேட்டு ஒத்தக் குருவி நிக்கல,” என்றாள். “எங்கப்பா ஒனக்குத்தான் கூலி குடுக்கணும்.”

மொத்தம் ஏழு வசனம். மூன்று பின்னேரத்தில் பாடமாகிவிட்டது. நெல்லுக்குக் கண் இல்லை.

திங்கள் வந்தது. தேவாரம் முடிந்தது, எங்கள் செபம் முடிந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். நடந்து போய் நின்றேன். முன்னால் கொஞ்சம் மணல், பிறகு கண்கள். முதல் வசனம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது துரத்தப்பட்டது போல ஓடி வந்தது. நாலாவது வரவில்லை. ஒரு காகம் கத்தி ஓய்ந்து மறுபடியும் கத்தியது. முழங்காலில் மாடு சப்பிய சட்டை விளிம்பு ஆடுவது எனக்கே தெரிந்தது. முடிக்க வேண்டும், எப்படியாவது முடித்துவிட்டு ஓட வேண்டும். வாய் தனக்குத் தெரிந்த ஒரே முடிவை, பூசையில் வாசகத்தை முடிக்கிற சொல்லை, தானாக எடுத்துப் போட்டது.

“இது ஆண்டவரின் அருள்வாக்கு.”

யோசிக்காமல், ஒருவரையொருவர் பாராமல், கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் பூசையில் போலவே ஒரே குரலில் சொன்னார்கள்: “இறைவா, உமக்கு நன்றி.”

பிறகு சிரிப்பு. சைவப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எங்கள் பிள்ளைகள் தாங்கள் சொன்னதை நினைத்துச் சிரித்தார்கள். திருநீற்று நெற்றியோடு நின்ற பள்ளிக்கூட அதிபர் இருமுகிறவர் போல வாயைப் பொத்தினார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், “பாதர், பூசை முடிஞ்சுதோ?”

அழ வேண்டிய இடம். ஏன் அழவில்லை என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். வெறும் கண்கள் என்று நான் பயந்த இடத்திலிருந்து ஒரு பதில் வந்திருந்தது, அதனாலாக இருக்கலாம். அல்லது அந்த நாலாவது வசனம், வெட்கமே இல்லாமல், அப்போதுதான் வந்து நின்றதாலாக இருக்கலாம். நகம் வெட்டுவது பற்றிய வசனம் அது.

“முடியேல்லை,” என்றேன். “இன்னும் நாலு வசனம் இருக்கு. பொறுங்கோ.”

நாலையும் சொன்னேன். ரீச்சர் அம்மாவைக் கூப்பிடவில்லை. ஒரு மாதத்துக்கு எனக்குப் பாதர் என்றுதான் பெயர்.

அடுத்த திங்கள் குருவி கலைக்கிறவளுடைய முறை. அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. பின்னேரம் தேடிப் போனேன். வயலில் டின் தட்டிக்கொண்டு நின்றாள். நான் பேசவில்லையா, சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்கள், நான் என்ன செத்தா போனேன் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிக் கதைத்தேன். அவள் டின்னைத் தட்டுவதை நிறுத்தினாள்.

“நீ மறந்ததுக்குச் சிரிச்சாங்க. நான் மறக்காமப் பேசுனாலும் சிரிப்பாங்க. நான் வாயத் தொறந்தாலே போதும்.”

நானும் சிரித்திருக்கிறேன். வகுப்பில் அவள் எழும்பி வாசிக்கும்போது, குனிந்து, அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. அதைச் சொன்னேன். முந்நூறு பேருக்கு முன்னால் நின்றதைவிட அந்த ஒருத்திக்கு முன்னால் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. தெரியும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வயலில் ஒரு குருவிக் கூட்டம் இறங்கியது, போய்க் கலைத்துவிட்டு வந்தாள்.

வரும் திங்களும் அவளுக்குத்தான் என்று ரீச்சர் சொன்னதைச் சொன்னேன். முதல் வரிசையில் நிற்கிறேன், ஒருத்தரையும் பாராதே, என்னை மட்டும் பார்த்துப் பேசு என்றேன். வெயில் இறங்கிவிட்டது. சின்னதுகள் தேடும் என்று நான் புறப்பட்டேன். வரம்பு முடிகிற இடத்துக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“நீ முன்னாடி நிக்காத. நான் பேசுறப்ப எம் பக்கத்துல வந்து நில்லு.”

“ஓம், நிக்கிறன்.”