கரி பஸ்ஸும் வெற்றிலை எச்சிலும்

என் இடது கண்ணைப் பறித்தது எங்கள் பஸ் ஷெட்டில் நடந்த படிப்பு. படிப்பாம், வெங்காயம்!

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முதலாளி பஸ்களின் பின்னால் கரி டிரம்மைக் கட்டிவிட்டார். கரியைப் பற்றவைத்து, அதில் வரும் கேஸில் வண்டி ஓட வேண்டும். புதுக்கோட்டையில் நாங்கள் ஆறு டிரைவர்கள். ஒருவருக்கும் அந்த எழவு புரியவில்லை. பெரிய டிரைவர் மட்டும் திருச்சிக்குப் போய் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு வந்தார். எதைக் கேட்டாலும், "பாத்துக் கத்துக்கங்கப்பா" என்பார்.

பார்த்தார்கள், நன்றாகப் பார்த்தார்கள். வழியில் கரி தீர்ந்தால் டிரம் மூடியைத் திறந்து புதுக் கரி கொட்ட வேண்டும். பெரிய டிரைவர் மூடியைத் தூக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பி வெற்றிலை எச்சிலைத் துப்புவார். ஷெட் முழுக்க அதுவே பாடமாகிவிட்டது. வெற்றிலையே போடாதவன்கூட வறண்ட வாயைக் கூட்டித் 'தூ' என்றான்.

"துப்பாமத் தொறந்தா கேஸு கோவிச்சுக்கும்ண்ணே" என்று டீக்கடையில் ஒருத்தன் எனக்கே வகுப்பெடுத்தான்.

"இது பஸ்ஸாடா, திருஷ்டி கழிக்கிற எடமா?" என்று சிரித்தேன். நாலு எழுத்துப் படித்த தலைக்கனம் எனக்கு.

ஒருநாள் வல்லத்திராக்கோட்டைக்கு அருகே வண்டி இழுக்காமல் நின்றது. பாசஞ்சர்கள் பார்க்க, துப்பாமல், நேராகக் குனிந்து மூடியைத் தூக்கினேன். குப்பென்று தீ மேலே வந்தது. பொசுங்கிய புருவம் பிறகு முளைத்தது. கண் வரவில்லை. லைசென்ஸும் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் எனக்கு உறைத்தது. துப்புவதற்காகத் திரும்பியதால்தான் அத்தனை மூஞ்சிகளும் தப்பியிருக்கின்றன. பார்க்க வந்த பெரிய டிரைவர்மேல் ஆத்திரம் பொங்கியது.

"மூஞ்சியத் திருப்புங்கடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அதுக்கா அது? திருச்சியில காட்டுனவரு துப்புனாரு, நானும் துப்புறேன்."

அட, கூறுகெட்ட மனுஷா!

முதலாளி இரக்கப்பட்டு எனக்குக் கண்டக்டர் வேலை கொடுத்தார். முதல் நாளே எல்லோரையும் நிறுத்திவைத்து விளக்கினேன். எச்சில் வேண்டாம், முகத்தைத் திருப்பினால் போதும் என்றேன். "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று தலையாட்டினார்கள்.

மறுநாள் என் பழைய பஸ்ஸுக்குக் கரி போட வந்த டிரைவர் முகத்தைத் திருப்பி இரண்டு தடவை துப்பினான். ஏனென்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அன்னிக்கு நீங்க துப்பாம விட்டதுக்குண்ணே" என்றான்.