சுவரில் பதிந்த ராணியின் கை

இருபது வருடமாக அந்தப் பழைய அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறவர் அவர். எதிரே நிற்பவர் கொஞ்சம் வாய் பிளந்தால் போதும், வழிகாட்டி கதை கதையாக அடித்து விடுவார். அவர் மனைவி மட்டும் இத்தனை காலத்தில் அந்த வாசலை மிதித்ததில்லை. "வீட்டைப் பாக்கவே எனக்கு நேரம் பத்தல" என்பாள். இன்றைக்குத் தன் அக்காவுக்காக வந்தாள். அக்கா கணவனைப் பறிகொடுத்து மூன்று மாதம். வெளிக்காற்றுப் பட்டால் மனசு தேறும் என்று வழிகாட்டிதான் இருவரையும் கிளப்பினார். மனைவி முன்னால் தன் தொழிலைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை சும்மா இருக்குமா?

தர்பார், கிணறு, குதிரை லாயம் எல்லாம் ஜோராக நடந்தது. "இவ்வளவு தெரியுமா உங்களுக்கு!" என்றாள் மனைவி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மாடி அறைச் சுவரில் பதிந்திருந்த கை அடையாளத்தின் முன் நிறுத்தினார். "போருக்குப் போன ராஜா திரும்பவே இல்ல. ராணி இந்தச் சுவத்துல கைய ஊன்றிக்கிட்டு, வழி பாத்து, வழி பாத்து…"

அக்கா பொங்கிவிட்டாள். "எனக்காவது மூணு மாசம். இவ எத்தன வருஷம் நின்னாளோ, பாவம்!" என்று அந்தக் கைமேல் தன் கையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். மனைவி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். பிடித்தவளின் பார்வை சுவரிலேயே நின்றுவிட்டது. ஆண்பிள்ளைக் கை. சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. தினமும் சோற்றுத் தட்டில் பார்க்கிற கை அவளுக்குத் தெரியாதா?

வழிகாட்டி ஆவதற்கு முன் அவர் அங்கே பூச்சு வேலை பார்த்தவர். சாரத்தில் கால் வழுக்கி, ஈரச் சுவரில் ஊன்றிய கை அது. மேஸ்திரிக்குப் பயந்து அன்று மூச்சு விடவில்லை. பின்னால் யாரோ ஒருவர் "இது யார் கை?" என்று கேட்கப்போய், ராணி பிறந்தாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறார்; அப்போதெல்லாம் வராத வெட்கம் இப்போது பிடுங்கித் தின்றது. சே, இதுவும் ஒரு பிழைப்பா! அக்காவின் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மனைவி காட்டிக் கொடுக்கவில்லை. அக்காவின் முகத்தைத் துடைத்து, படியிறக்கி, வண்டியில் உட்கார வைத்தாள். பிறகு அவரிடம் திரும்பி வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அக்காகிட்ட எதையும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கிட்ட சொன்னதுல எது உண்மை?"

"உங்கிட்டப் போய் நான் பொய் சொல்லுவேனா?" என்றார்.

அது அவர் காதுக்கே பொய்யாகக் கேட்டது.