அரிசிக்கு ஏர்கான்

சிங்கப்பூர்க் கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கிருப்பவர்களின் முகம் கொஞ்சம் சுருங்கும். வந்தவள் எதையோ அணைக்கப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முகங்களுக்குப் பழகிவிட்டேன். களைப்புக்குத்தான் பழகவில்லை.

அன்று காலை முழுவதும் புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொழிற்கூடத்தின் கூரையில் நின்றுவிட்டு, தலைவலியோடு லிட்டில் இந்தியாவுக்கு வந்தேன். ஒரு பிரியாணிக் கடை. கீழே கடையும் சமையற்கட்டும், மாடியில் ஸ்டோர் ரூம். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது.

"கரண்ட் பில்லு தாங்க முடியல மா," என்றார் முதலாளி. "எங்க வெட்டலாம்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா சொன்னதுதான்."

எனக்கு எதையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளும் பழக்கம். முதலில் அடுப்புகள். எல்லாம் அணைந்திருந்தன, ஆனால் மேலே புகை இழுக்கும் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து குளிர்பெட்டி. கதவு ரப்பர் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தார்கள். கையை வைத்தால் குளிர் வெளியே கசிவது தெரிந்தது. சாயங்கால டீக்கு மதியத்திலிருந்தே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கமானவைதான். எந்தக் கடைக்குப் போனாலும் இவற்றைத்தான் எழுதுகிறேன்.

மாடிக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஏர்கான் பதினெட்டில் இருந்தது. தலை உயரத்துக்கு பாஸ்மதி மூட்டைகள். நடுவே அட்டைகளை விரித்து, ஈரம் காயாத சமையல் உடுப்போடு நான்கு பேர் படுத்திருந்தார்கள். மூத்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். அவர்தான் சமையல் மாஸ்டர் என்று பிறகு தெரிந்தது.

"யாரு மா?"

"கரண்ட் செக் பண்ண வந்திருக்கேன் அண்ணே. இந்த ஏர்கான் எப்பவும் ஓடுமா?"

"ஓடும். அரிசிக்கு."

"அரிசிக்கா?"

"சூட்டுல வண்டு வச்சிரும். முதலாளிக்குத் தெரியும்."

பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே, "அரிசி குறட்டை விடும்னும் சொல்லிருங்க மாஸ்டர்," என்றார். ஒரு துண்டுக்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

விடியும் முன்பே வேலைக்கு வருகிறவர்கள். தங்குமிடம் தீவின் வடகோடியில், மார்சிலிங்கில். இரவுச் சமையல் தொடங்குவதற்குள் அங்கே போய்த் திரும்பினால், ட்ரெயினில்தான் தூங்க வேண்டும் என்றார் மாஸ்டர்.

கீழே வந்து நான் குறித்தவற்றை முதலாளியிடம் சொன்னேன். விசிறி, ரப்பர், டீத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டினார்.

"மாடி ஏர்கான்? அதான பெருசாத் தின்னுது. அரிசிக்கு வேணும்ங்கிறாரு மாஸ்டர். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அரிசிக்கு ஏர்கான் வேணுமா?"

பின்னால் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அடுத்து என்னைப் போல ஒருத்தி வந்து வேண்டாம் என்று சொன்னால், அன்றே அது நின்றுவிடும்.

"அரிசிக்கு வேண்டாம் பாய். தரையில படாம பலகை போட்டு அடுக்கி, காத்தோட்டம் இருந்தாப் போதும். மேல படுத்திருக்காங்களே, அவங்களுக்குத்தான் வேணும்."

"தூங்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினார். "அரிசிக்குன்னு இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆளுங்களுக்குன்னு நீங்க எழுதிட்டா, கேலாங்ல இருக்கிற நம்ம இன்னொரு கடை ஆளுங்களும் கேப்பாங்க லா."

"கேப்பாங்க," என்றேன். வாதாட எனக்குத் தெம்பில்லை.

"ஒரு கடைக்கு மிச்சம் புடிக்கக் கூப்பிட்டா இன்னொரு கடைக்குச் செலவு வைக்கிறீங்களே மா!" பிறகு கையை உதறினார். "சரி, எழுதுங்க. ஆனா பதினெட்டு கூடாது. நாள் முழுக்கவும் கூடாது."

ரிமோட்டோடு மறுபடி மாடி ஏறினேன். மதிய இடைவேளைக்கு மட்டும் ஓடும்படி நேரம் வைத்தேன். குளிரை இருபத்தாறுக்கு மாற்றி, மூலையில் சும்மா நின்ற ஃபேனை இழுத்து வந்து போட்டேன். எல்லோரும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"இருபத்தாறா?" என்றார் மாஸ்டர். "எங்களத் தம்ல போடுறீங்களா மா?"

"ஃபேன் இருந்தா அவ்வளவு தெரியாது அண்ணே. சரியா இருக்கான்னு சொல்லுங்க, இல்லாட்டி ஒண்ணு கொறைக்கிறேன்."

"அத படுத்துப் பாத்துத்தான் சொல்லணும்."

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். மற்றவர்களும் சாய்ந்தார்கள். நான் ஒரு மூட்டையில் சாய்ந்து, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். கூரையில் நின்ற கால்கள் அப்போதுதான் வலிக்கத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் துண்டு சீராக ஏறி இறங்கியது.

"அண்ணே?" என்றேன். பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. ரிமோட்டை மூட்டைமேல் வைத்துவிட்டு, குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்தினேன்.