பாலனை ஒளித்த இடம்

2025 டிசம்பர் 24, புதன்கிழமை. ஈர வைக்கோலும் குடிலுக்கு அழகாகச் சிரட்டைகளில் முளைக்கவிட்ட குரக்கன் பயிரும் சேர்ந்த பச்சை மணம் முன்னறையை நிறைத்திருந்தது. வழக்கம்போல நாலே முக்காலுக்கு எழுந்து, கேத்திலை அடுப்பில் வைத்து, அது கொதிப்பதற்குள் முதல் நாளின் பக்கத்தை டயரியில் எழுதி முடித்து, முற்றம் கூட்டி, பாலன் குடிலுக்குள் சரிந்து கிடந்த ஆட்டுக்குட்டியை நிமிர்த்தி வைத்தேன். மாட்டுத் தொட்டி வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டில், கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் விடியும்வரை அது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும்.

கொக்குவிலில் இதே வீட்டில் அப்பா தொடக்கிவைத்த வழக்கம் அது. இருபத்துநாலாம் திகதி நாங்கள் படுத்த பிறகு, ஒரு சாண் நீளமும் இல்லாத பாலன் இயேசு சிலையை அவர் வீட்டுக்குள் எங்கேயாவது ஒளித்துவைப்பார். விடிந்ததும், காலைப் பூசைக்குப் புறப்படுமுன், வீட்டின் கடைசிப் பிள்ளை அதைத் தேடியெடுத்துத் தொட்டிக்குள் கிடத்த வேண்டும். தேடுகிற பிள்ளை கிட்டப் போனால் "நெருப்பு, நெருப்பு" என்றும் விலகிப் போனால் "தண்ணி, தண்ணி" என்றும் மற்றவர்கள் கத்துவார்கள். கண்டுபிடித்தவருக்குக் கேக்கின் முதல் துண்டு. தம்பி தேடும் வயதுக்கு வராததால், ஐந்து வயதிலிருந்து பத்து வயதுவரை அந்தத் துண்டு எனக்கே கிடைத்தது. ஒவ்வோராண்டும் பாலன் இருந்த இடத்தை ஒரு கொப்பியில் எழுதிவந்தேன்: அரிசிப் பானை, ரேடியோவின் பின்புறம், அப்பாவின் சப்பாத்து, இப்படி.

எனக்குப் பதினொன்றாகவும் தம்பிக்கு ஐந்தாகவும் இருந்த ஆண்டில், "நீ இப்ப பெரிய பிள்ளை, இனித் தம்பிதான் தேடுறது" என்று அம்மா சொன்னார். அதை நான் ஏற்றுக்கொண்டதாகத் தலையாட்டினேன்; ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பா ஒருமுறை ஒளித்த இடத்தில் மறுபடி ஒளிக்க மாட்டார் என்பது கொப்பியைப் பார்த்தாலே தெரிந்தது. நத்தார் விடியற்காலையில், அம்மா கிணற்றடியில் இருந்த நேரம், எழுதப்படாத இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவதாகத் திறந்த தையல் மெசின் இழுப்பறையான லாச்சிக்குள் நூற்கட்டைகளுக்கு நடுவே பாலன் கிடந்தார். எடுத்துக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் இருந்த அடுப்பெரிக்கச் சேர்த்த தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலுக்குள் செருகினேன். அவசரத்தில் சிலையின் வலது கைப் பெருவிரல் உடைந்து எங்கோ விழுந்தது. தம்பி கொஞ்ச நேரம் திண்டாடட்டும், பிறகு கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

தம்பி தேடத் தொடங்கினான். மெசினுக்குக் கிட்ட வந்தபோது அப்பா கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

"நெருப்பு! நெருப்பு! சுடுதடா, லாச்சியைத் திற!"

திறந்தான். நூற்கட்டைகளும் கத்தரிக்கோலும் இருந்தன. அப்பா வந்து எல்லா லாச்சிகளையும் இழுத்துத் தரையில் கவிழ்த்தார்.

"கண்ணாடியை மூக்கிலை வைச்சுக்கொண்டு கண்ணாடியைத் தேடுற மனிசன், இப்ப பாலனையும் துலைச்சுப்போட்டார்" என்று அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் சிரித்துக்கொண்டே ரேடியோவின் பின்னால் கையை விட்டுத் தடவினார். சப்பாத்துகளைத் தட்டிப் பார்த்தார்.

தம்பி அழவில்லை. "நான் பயற்றம் பணியாரம் எடுக்கேல்லையெண்டு அம்மாவுக்குப் பொய் சொன்னனான். அதுதான் பாலன் போயிட்டார்" என்று கவிழ்ந்து கிடந்த லாச்சியைப் பார்த்துச் சொன்னான்.

அப்போதே ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். கோயில் மணி அடித்தது, அம்மா அவசரப்படுத்தினார், நான் பின்பக்கம் ஓடிப்போய், "கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்திக்கொண்டு வந்தேன். "நான் அந்தப் பக்கமே போகேல்லையே, பிள்ளை" என்று அப்பா தன் இரு கைகளையும் பார்த்தார். தம்பி எனக்குக் கைதட்டினான். முதல் துண்டை நான்தான் சாப்பிட்டேன். அன்று கொப்பியில், "பொச்சுமட்டைக் குவியல். கண்டுபிடித்தது: நான்" என்று எழுதினேன். எழுத்துக்கு எழுத்து உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் எழுதியதில்லை.

அடுத்த நத்தாருக்கு ஒளிக்கச் சொல்லி நாங்கள் கேட்டபோது, "வேண்டாம் பிள்ளையள், இந்தமுறை உண்மையாத் துலைச்சுப்போடுவன்" என்று அப்பா பாலனைத் தன் கையாலேயே தொட்டியில் வைத்தார். அதன்பின் அந்த விளையாட்டு நடக்கவில்லை. வாசல் படலையைப் பூட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அம்மா பாலனைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது மெசினும் இல்லை, கொப்பியும் இல்லை. இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை.

தம்பி கனடாவிலிருந்து தன் ஐந்து வயது மகளுடன் இந்த நத்தாருக்கு வந்திருக்கிறான். "இந்தமுறை நீ ஒளி அக்கா, இவள் தேடட்டும்" என்று வந்த அன்றே கேட்டுக்கொண்டான். நேற்றுப் பின்னேரம் தேநீர் குடிக்கும்போது, துவாயை விரித்துச் சிலையைக் காட்டினேன்.

"மாமி, பாலன்ரை விரல் எங்கை?" என்று சின்னவள் கேட்டாள்.

நான் வாய் திறக்குமுன் தம்பி கதை சொல்லத் தொடங்கிவிட்டான். "அது எனக்குத் தெரியாது, ஆனா பாலன் ஒருக்கா என்னோடை கோவிச்சுக்கொண்டு ஓடினவர். நான் பொய் சொன்னனான். மாமியின்ரை கையிலைதான் ஆள் அம்பிட்டவர்." சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்: "அப்பா பாவம், என்னக்கா? அண்டைக்குத்தான் அவருக்கு மறதி துவங்கினது."

"ஓம்" என்றேன். நாற்பது வருடமாகச் சொல்லாததற்கு மேல் இன்னொரு சொல்லும் சேர்ந்துகொண்டது.

இன்று, நத்தார் காலையும், நாலே முக்காலுக்குத்தான் எழுந்தேன். கேத்திலை வைக்கவில்லை, டயரியைத் திறக்கவில்லை. முதல் வேலையாகப் பாலனை எடுத்துக்கொண்டு போய்த் தம்பியின் அறைக் கதவைத் தட்டினேன். மகள் தூங்குகிறாள் என்று கைகாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"தம்பி, அப்பா மறக்கேல்லை. மெசின் லாச்சிக்குள்ளைதான் வைச்சவர். நான்தான் எடுத்தனான்."

அவன் சுவரில் சாய்ந்தான். சிலையில் விரல் உடைந்த இடத்தைப் பார்த்தான்.

"அப்பாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை."

 அவன் கையை நீட்டி, "தா, நான் ஒளிக்கிறன்" என்றான். கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கே ஒளித்தான் என்று நான் பார்க்கவில்லை.